பயக்காரி

காலையில் கழுத்துப் பட்டையை மாட்டியதும் சந்தனமாரிக்கு முதலில் முழங்கால்தான் நடுங்கும். அது வேதமாணிக்கம் அண்ணாச்சியின் பயம். சற்றுப் பொறுத்துத் தொண்டை வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது பிச்சைக்கண்ணுவின் பயம். கடைசியாக அடிவயிற்றில், இடப்பக்கமாக, ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கல் வரும். அது அவள் புருஷன் ஐகோர்ட்துரையுடையது. பெயரில்தான் ஐகோர்ட்; வீட்டில் அவன் சொன்ன எந்தத் தீர்ப்பும் அப்பீலில் நின்றதில்லை. கோபுரத்தில் ஏறிவிட்டால் மட்டும் அவன் ராஜா.

பணகுடிக்கு மேற்கே, மலை இடைவெளி வழியாகக் காற்று இறங்கும் பொட்டல் காட்டில் ஒரு கம்பெனி புதிய காற்றாலைக் கோபுரங்களை எழுப்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நிற்கிற பழைய காற்றாலைகள் இவற்றின் இடுப்புக்குக்கூட வராது. மூன்று ஆண்களும் இரும்புச் சட்டங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு மேலே மேலே போவார்கள். அடியில் ஒரு கன்டெய்னர் அறை, அதற்குள் கைப்பிடி வைத்த நாற்காலி, அதில் சந்தனமாரி. அவர்கள் படவேண்டிய பயத்தையெல்லாம் அவள் கீழே உட்கார்ந்து பட வேண்டும். அதுதான் உத்தியோகம். கம்பெனி அட்டையில் 'ஏற்பாளர்' என்று கௌரவமாக அச்சடித்திருந்தார்கள். ஆட்கள் வைத்த பெயர் பயக்காரி.

சேர்ந்த அன்று விவரம் சொன்னது தாரணி. பாதுகாப்புக்குப் பொறுப்பான இன்ஜினியர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். தன்னைவிட ஒரு வயது மூத்தவரானாலும் அக்கா போடாமல் பேச வராது.

"ஒசரத்துல இருந்து ஆளுங்க விழறதுக்கு முக்காவாசிக் காரணம் பயந்தானுங்கக்கா. கை வேர்க்குது, கால் உதறுது, தல சுத்துது. அதான் பயத்தையே எடுத்தர்றோம். அவங்க காதுக்குப் பின்னால இந்த வில்லைய ஒட்டிருவோம். பயம் கெளம்புன ஒடனே உறிஞ்சிக்கும்."

"உறிஞ்சி எங்கன கொண்டு போடும்?"

தாரணி பட்டையை எடுத்துக் காட்டினாள். "பயம் அழியாதுங்கக்கா. எடந்தான் மாறும். வேறொரு ஒடம்பு அத வாங்கிக்கணும். வாங்கலைன்னா மேல இருக்கறவங்ககிட்டயே திரும்பிப் போயிரும், ஒட்டுமொத்தமா."

"அதுக்கு நாந்தான் கெடச்சேனா?"

"யார் யாரையோ உக்கார வெச்சுப் பார்த்துட்டோமுங்க. ஒட்டல. ஏற்கெனவே அவங்களுக்காகப் பயந்துட்டு இருக்கறவங்க ஒடம்புலதான் ஒட்டுது. பொண்டாட்டி, அம்மா, கூடப் பொறந்தவங்க."

சந்தனமாரி சிரித்துவிட்டாள். கல்யாணம் ஆன நாள்முதலாகக் கூலியில்லாமல் பார்த்த வேலைக்கு இப்போது அட்டை போட்டுத் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த அறைக்குள் அவள் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

முதலில் அங்கே மூன்று நாற்காலிகள் இருந்தன, ஆளுக்கொரு பெண் என்ற கணக்கில். பிச்சைக்கண்ணுவின் அம்மா கொஞ்ச நாளிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். வேதமாணிக்கத்தின் மனைவி எஸ்தர் அக்கா ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தாள். இப்போது வீட்டில் மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். கூடவே இருந்து மற்ற இருவருக்காகவும் பயந்து பழகிவிட்ட சந்தனமாரியின் உடம்பு மூன்று பேரின் பயத்தையும் வாங்குகிறது என்று சோதித்துப் பார்த்ததும், மூன்று வில்லைகளிலிருந்தும் வரும் இழைகளை அவள் பட்டையிலேயே இணைத்து மற்ற இரண்டு நாற்காலிகளையும் தூக்கிவிட்டார்கள். கோபுரத்துக்கு அடியில் கட்டியிருந்த வலையையும் அதே சூட்டில் கழற்றினார்கள். பயமே இல்லாதவனுக்கு வலை எதற்கு என்பது மேலிடத்தின் நியாயம். தாரணி எதிர்த்து எழுதினாள். பதில் வரவில்லை.

கொக்கி மட்டும் மிஞ்சியது. ஒவ்வொருவர் இடுப்பு பெல்ட்டிலும் இரண்டு கயிறு, இரண்டு கயிற்றின் நுனியிலும் ஒவ்வொரு கொக்கி. நகரும்போது ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்ட வேண்டும், அது மாட்டிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். எந்த நேரமும் ஒன்றாவது இரும்பில் இருக்க வேண்டும். மாட்டியதும் வாக்கிடாக்கியில் "போட்டாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். இது வேதமாணிக்கம் அண்ணாச்சி பழக்கி வைத்தது. டக் என்று கொக்கி விழும் சத்தம், பின்னாலேயே போட்டாச்சு. நாள் முழுக்கச் சந்தனமாரியின் காதில் இதுதான். கழற்றும்போது அவள் வயிறு முறுக்கும், டக் என்றதும் விடும். மறுபடி முறுக்கும், மறுபடி விடும். அந்த முறுக்கல் வரும்போதெல்லாம் அவள் கைகள் தாமாகவே நாற்காலியின் கைப்பிடியை இறுக்கும். ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. பயந்த கை முதலில் எதையாவது பிடித்துக்கொள்கிறது என்பதை அவள் அந்தப் பஞ்சைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஆட்கள் மேலே இருக்கும்போது பட்டையைக் கழற்றுவதாக இருந்தால் அதற்கொரு முறை உண்டு. "கெட்டிப்புடி" என்று அவள் வாக்கியில் சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டு கொக்கியையும் மாட்டி, தூணைக் கட்டிப்பிடித்து, "புடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் இவள் ஒண்ணுக்குப் போகலாம். "பயக்காரிக்குப் பாத்ரூம் வருதாம், எல்லாரும் தூணக் கட்டிப் புடிங்கலே" என்று பிச்சைக்கண்ணு மேலேயிருந்து கேலி செய்வான். அதற்குக் கூச்சப்பட்டே அவள் சாயங்காலம்வரை தண்ணீர் குடிப்பதில்லை.

இன்னொரு முறையும் உண்டு. கழற்றும் முன் மனசை அமைதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஏனென்று எஸ்தர் அக்காவுக்குத்தான் தெரியும். ஒருநாள் அவள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று போன் வந்தது. பதறிப்போய்ப் பட்டையைக் கழற்றிவிட்டாள். மேலே தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த வேதமாணிக்கம், "எம்புள்ளைக்கு என்ன? காய்ச்சல் கொதிக்கே!" என்று ஓவென்று அழுதார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"கழட்டற நேரத்துல ஒங்க கழுத்துல என்ன ஓடுதோ அதுவும் மேல போயிருமுங்க" என்று தாரணி அன்றைக்கே எச்சரித்தாள். அதைவிட விசித்திரம், எஸ்தர் அக்கா அன்று சாயங்காலம்வரை பிள்ளையைப் பற்றி விசாரிக்கவே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் நின்று நிதானமாகக் கருவாடு பேரம் பேசினாள். மறுநாள் காலையில்தான் பதற்றம் திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தக் கோடையில் ஐகோர்ட்துரையின் முறுக்கல் குறைய ஆரம்பித்தது.

முதலில் சந்தனமாரி நம்பவில்லை. ஈரத்துணியைப் பிழிவது போல இருந்தது, பிறகு விரலால் சுண்டுவது போல ஆனது, பிறகு அதுவும் இல்லை. மேலே போட்டாச்சு போட்டாச்சு என்று அவன் குரல் வந்துகொண்டே இருந்தது. இவள் வயிறு கல் போலக் கிடந்தது. தாரணியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றில் ஒன்று தொலைந்ததே என்று இருந்தது அவளுக்கு. இரவு கண்ணை மூடினால் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. அந்தச் சுகத்தை யாரிடமாவது சொன்னால் பறித்துக்கொள்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

கம்பெனியும் வாயை மூடிக்கொண்டது. பயத்தை அளக்கும் திரையில் அவன் கோடு பச்சையில் தட்டையாகப் போனதைப் பார்த்து, மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று வாசலில் அவன் படத்தை மாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போனவள் வாளியைக் கீழே போட்டாள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் பொன்ரேகா நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் மகள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை. பக்கத்தில் ஐகோர்ட்துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நடளா, நட. கீழ பாத்தா என்ன? ஒண்ணும் செய்யாது" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சந்தனமாரிக்குச் சத்தம் வரவில்லை. ஓடினால் பிள்ளை திரும்பிப் பார்க்கும், திரும்பினால் விழும். ஒவ்வொரு அடியாக நடந்து போய் இடுப்போடு சேர்த்து அள்ளினாள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. அவள் திட்டிய திட்டில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவன் மட்டும் அவள் எதற்குக் கத்துகிறாள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டைக்கு வரவுமில்லை, சமாதானம் சொல்லவுமில்லை. அந்தப் பார்வைதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. அன்று இரவு கதவைச் சாத்தி, பிள்ளையைச் சுவரோரமாகப் போட்டு, நடுவில் தான் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் தாரணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தாரணி திரையில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தாள்.

"பச்சைனா நல்லதுன்னு நெனச்சுட்டு இருந்தோமுங்களே! பயம் அவருக்கு ஊறவே இல்ல போல இருக்குங்க. எறைக்க எறைக்க வத்திருச்சு." வாக்கியை எடுத்தாள். "நான் இப்பவே எறங்கச் சொல்றனுங்க. வில்லைய எடுத்துட்டு டாக்டர்கிட்டக் காட்டணும்."

ஆனால் மூன்று பேரும் அதற்குள் உச்சிக்குப் போயிருந்தார்கள். வேதமாணிக்கமும் பிச்சைக்கண்ணுவும் நடுத்தூணை ஒட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐகோர்ட்துரை குறுக்குச் சட்டத்தின் மேல், வெட்டவெளியில், அதன் கடைக்கோடிக்குப் போயிருந்தான்.

"ஐகோர்ட் அண்ணா, கீழ வாங்க. வேலைய நிறுத்திருங்க" என்றாள் தாரணி.

"வந்துருதேன் மேடம். நாலு போல்ட்டுதான் பாக்கி."

"அண்ணாச்சி, அவர எறக்குங்க."

வேதமாணிக்கத்தின் குரல் வந்தது. "கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன் மேடம். காத்து வேற எந்திரிக்கி. இவன் கேக்க மாட்டேங்கான்."

சந்தனமாரி பட்டையோடு வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தாள். மலையை ஒட்டிய காற்றாலைகளின் வரிசை சுழல ஆரம்பித்திருந்தது. அதற்கு இப்பால் உள்ள வரிசைகள் எல்லாம் அசையாமல் நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வரிசை மெதுவாகத் திரும்பி, வேகம் பிடித்தது. காற்று வருவதை அந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் கண்ணால் பார்ப்பார்கள். கடைசி வரிசை சுற்றியதும் இங்கே வந்துவிடும்.

வாக்கியில் அவன் குரல் கேட்டது. "போட்டாச்சு."

டக் என்ற சத்தம் கேட்கவில்லை. வெறும் சொல் மட்டும்தான் வந்தது. முந்தாநாளும் அப்படித்தான் வந்ததோ? போன வாரமும் அப்படித்தானோ? வயிறு முறுக்காத சந்தோஷத்தில் காதையும் மூடிக்கொண்டு இருந்துவிட்டேனே என்று நினைத்தபோது வேதமாணிக்கத்தின் முழங்கால் நடுக்கமும் பிச்சைக்கண்ணுவின் தொண்டை வறட்சியும் எங்கோ போய்விட்டன. அவளுடைய சொந்தப் பயம் எழுந்து வந்தது.

தாரணி பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"அக்கா... ரெண்டு கொக்கியும் தொடையில தொங்குதுங்க. நின்னுட்டு இருக்காருங்க. கையக்கூட எங்கயும் புடிக்கல."

சந்தனமாரி வாக்கியைப் பிடுங்கினாள். "ஏங்க, நான் மாரி பேசுதேன். கொக்கியப் போடுங்க."

"போட்டாச்சுளா."

"போடல. குனிஞ்சு பாருங்க. தொடையில தொங்குது பாருங்க."

குனிந்து பார்த்திருப்பான்.

"ஆமா, தொங்குது" என்றான்.

"எடுத்து மாட்டுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"எதுக்கு?"

கேலிக்குக் கேட்கிறான் என்று அவள் ஒரு கணம் ஆசைப்பட்டாள். கேலி செய்யும்போது அவன் குரலின் ஓரத்தில் ஒரு கரகரப்பு வரும். அது இல்லை. பிள்ளை பாடத்தில் சந்தேகம் கேட்பது போல உண்மையாகவே கேட்டான். இத்தனை வருஷம் கொக்கி மாட்டிய மனுஷனுக்குக் கொக்கி எதற்கு என்று தெரியவில்லை.

"விழுந்திருவீங்க!"

"விழுந்தா?"

விழுந்தால் செத்துப்போவீர்கள் என்றால், செத்தால் என்ன என்று கேட்பான். மூன்றாவது வரிசை சுற்ற ஆரம்பித்தது.

"நான் போய்ப் புடிச்சுக் கூட்டியாரட்டுமா?" என்றார் வேதமாணிக்கம்.

"வேண்டாமுங்க! காத்து வந்துரும், நீங்க பாதி தூரம்கூடப் போக முடியாது" என்று தாரணி கத்தினாள்.

சந்தனமாரி அவள் கையைப் பற்றினாள். "ஏம்மா, நான் இதக் கழட்டுனா பயம் மேல போயிரும்லா? போகட்டும். அவுக பயந்தாத்தான் புடிப்பாக."

"அவரோட இழையில ஒண்ணுமே இல்லீங்கக்கா. சுத்தமாக் காலி. நீங்க கழட்டுனாலும் திரும்பிப் போறதுக்கு அவரு பயம் அங்க இல்ல."

"எனக்க பயம் இருக்குல்லா?"

தாரணிக்கு எஸ்தர் அக்காவின் கருவாட்டுப் பேரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"வேணாங்கக்கா. எஸ்தரக்காவுக்குப் போனது கொஞ்சந்தான். அதனால மறுபடி ஊறிருச்சு. ஒங்களுது மொத்தமும் போச்சுன்னா திரும்ப ஊறுமான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. யாரும் அப்படிச் செஞ்சதில்லீங்க."

"மத்தவங்க ரெண்டு பேரையும் பத்திரமாப் புடிக்கச் சொல்லு."

நான்காவது வரிசை சுற்றியது. இனி இரண்டுதான் பாக்கி. தாரணி அழுதுகொண்டே வாக்கியில் "கெட்டிப்புடி" என்றாள். டக், டக், புடிச்சாச்சு. டக், டக், புடிச்சாச்சு. பின்னாலேயே உற்சாகமாக ஐகோர்ட்துரையின் குரலும் வந்தது, "புடிச்சாச்சு." தாரணி திரையில் மற்ற இருவரின் இழைகளையும் அணைத்தாள். சந்தனமாரியின் முழங்கால் நின்றது, தொண்டையில் எச்சில் ஊறியது. இப்போது அந்த உடம்பில் இருந்தது அவள் பயம் மட்டும்தான்.

கழற்றும் முன் மனசை அமைதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவள் நேர்மாறாகச் செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பிய்ந்த கைப்பிடியைப் பிடித்து, எங்கெங்கே என்னென்ன பயத்தை ஒளித்து வைத்திருந்தாளோ அதையெல்லாம் தேடி எடுத்தாள். போன் அடித்தால் முதலில் அவன் பெயரா என்று பார்க்கும் பயம். ஆம்புலன்ஸ் சத்தம் எந்தத் திசையில் போகிறது என்று காதைத் தீட்டும் பயம். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் வெள்ளைத்துணி போர்த்திய கால்கள், அந்தக் கால்களில் அவன் கட்டைவிரல். நாலுவழிச் சாலையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் பொன்ரேகாவின் சிவப்புப் பை. மூடினோமா என்று பாதி வழியில் நினைவு வரும் கேஸ் அடுப்பு. கோபுரத்திலிருந்து ஒரு மனுஷன் கீழே வந்து சேரும்போது என்ன சத்தம் கேட்கும் என்று பல ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்த அந்தச் சத்தம். கடைசியாக மொட்டை மாடிச் சுவர், அதன் மேல் சின்னச் சின்னப் பாதங்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தகப்பன்.

நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. வாயைத் திறந்து அலறப் போகும் நேரத்தில் பட்டையின் பூட்டைத் தட்டிக் கழற்றினாள்.

அலறல் அவள் வாயிலிருந்து வரவில்லை. வாக்கியில் வந்தது.

"மாரீ! பிள்ளைய எறக்கு! சொவத்துல நிக்கிளா, பிள்ளைய எறக்கு! யம்மா, யம்மா!"

தாரணி பைனாகுலரைப் பிடித்தாள். "படுத்துட்டாருங்க! சட்டத்தோட சேந்து படுத்துட்டாரு. காலால கவ்விக்கிட்டாரு. கொக்கியத் தேடறாரு..."

வாக்கியில் அழுகையும் மூச்சிரைப்பும் இரும்பில் இரும்பு உரசும் சத்தமும் கேட்டன. பிறகு டக். இன்னொரு டக். இந்தத் தடவை போட்டாச்சு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கடைசி வரிசைக் காற்றாலைகள் சுற்றின. கன்டெய்னரின் தகரக் கூரை தடதடவென்று அடித்துக்கொண்டது. கோபுரம் உச்சியில் ஆடியது கீழே நின்றவர்களுக்கே தெரிந்தது. ஐகோர்ட்துரையின் கால்கள் ஒருமுறை சட்டத்தை விட்டு வழுக்கி அந்தரத்தில் தொங்கின. கயிறு இரண்டும் விறைத்து நின்றன, அறுபடவில்லை. மறுபடி கவ்விக்கொண்டான்.

காற்று ஓய்ந்த பிறகு வேதமாணிக்கம் ஒவ்வொரு கொக்கியாக மாட்டிக்கொண்டு போய் அவனைக் கூட்டி வந்தார். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் அவன் அழுதான். தரைக்கு வந்தபோது பேண்ட் நனைந்திருந்தது. மண்ணில் குப்புற விழுந்து, புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பிச்சைக்கண்ணு கேலி ஒன்றும் செய்யவில்லை. காதுக்குப் பின்னாலிருந்த வில்லையைப் பிய்த்துத் தூர எறிந்துவிட்டு அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

சந்தனமாரி நாற்காலியிலேயே இருந்தாள். ஒரு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து முழுவதும் குடித்தாள். மேலே அவள் புருஷன் அந்தரத்தில் தொங்கியபோதும் அவள் அதை வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கயிறு நல்ல கயிறு என்று தோன்றியது.

"ஒங்களுக்கு எப்படி இருக்குங்கக்கா?" என்று தாரணி அவள் முன்னால் மண்டியிட்டுக் கேட்டாள்.

"நல்லாருக்கும்மா. வயிறு லேசா இருக்கு" என்றாள். பொய் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூட இவ்வளவு லேசாக இருந்ததாக நினைவில்லை.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கம்பெனி வண்டியில் போகச் சொன்னார்கள். ஐகோர்ட்துரை வண்டியில் ஏறப் பயந்தான். நடந்தே நாலுவழிச் சாலைக்கு வந்தார்கள். பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான்.

"பொன்ரேகா இந்த ரோட்டத் தாண்டித்தான வரும்? யாரு கையப் புடிச்சுக் கூட்டியாராவ? அந்தச் செவப்புப் பை தூரத்துல வாரவனுக்குத் தெரியுமா? ஏளா, கேஸ மூடுனியா? நெசமா மூடுனியா? போன் எங்க, யாரும் கூப்பிட்டாவளா?"

அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். இதெல்லாம் எங்கேயோ கேட்ட பேச்சு போல இருந்தது. பாவம், மனுஷன் இப்படி நடுங்குகிறானே என்று இருந்தது. எதிர்ப்பக்கம் பஸ் நிற்பதைப் பார்த்ததும் சாலையில் இறங்கி நடந்தாள்.

ஹார்ன் சத்தம் கேட்டது. தோளில் விழுந்த கை அவளைப் பின்னுக்கு இழுத்து மண்ணில் தள்ளியது. புடவை முந்தானையை உரசிக்கொண்டு ஒரு லாரி போயிற்று, அதன் பின்னாலேயே இன்னொன்று. ஐகோர்ட்துரை அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வலித்தது. அவன் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது.

"பாக்காமப் போற! ரெண்டு பக்கமும் பாத்துப் போகணும்னு நீதான பிள்ளைக்குச் சொல்லுவ. பாத்துப் போளா! பாத்துத்தான் போகணும்!"

அவள் சாலையைப் பார்த்தாள். வண்டிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இவன் சொல்வதில் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அடிவயிற்றில், இடப்பக்கமாக, அந்தக் காரணம் எப்போதும் இருக்கிற இடத்தில் தேடிப் பார்த்தாள்.

பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து உண்மையாகவே கேட்டாள்.

"எதுக்கு?"